இல்லறத்தாரின் ஒரு முகூர்த்தம்

(சிராவக ஒழுக்கப் பாடம் – பெற்றோர்க்கு உரியது)

நம் சமுதாயத்துப் பெற்றோரிடம் "சாமாயிகம் செய்து வருகின்றீர்களா?" என்று வினவினால், "நேரம் எங்கே இருக்கிறது?" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. "இரவில் நன்றாக உறங்குகின்றீர்களா?" என்று வினவினாலும் அதே விடைதான் வருகின்றது. பிள்ளைகளின் படிப்பு, பணியிடத்துச் சுமை, முதியோரைப் பேணுதல், உறவினர் இல்லத்து நன்மை தீமைகள், விளைநிலம் உடையோர்க்கு நெல், மணிலா அறுவடை என்று நாள் முழுவதும் கழிந்துவிடுகின்றது. உடல் ஓய்வும் உயிர்க்கு உரிய ஓய்வும் மற்றவை எல்லாம் முடிந்தபின் எஞ்சும் நேரத்திற்கு ஒத்திவைக்கப்படுகின்றன. இல்லறத்தில் அங்ஙனம் எஞ்சும் நேரம் என்று ஒன்று வருவதில்லை.

ஆகவே, ஓய்வு என்பது எஞ்சும் நேரத்தில் கிடைப்பது அன்று. முன்னரே எல்லை வகுத்து ஒதுக்கி வைக்கப்பட வேண்டுவது. நம் ஆசிரியர்கள் சிராவகர்க்கு அருளிய விரதங்கள் இவ்வாறு எல்லை வகுத்துக்கொள்ளும் வழியைத்தான் கற்பிக்கின்றன. அவற்றைப் பெற்றோரின் அன்றாட வாழ்வோடு பொருத்திக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஓய்வு கொள்வது பொச்சாப்பு ஆகுமா?

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்றால் சிறப்பு என்று பொருள். சாத்திர வழக்கிலோ அச்சொல் பொச்சாப்பை, அஃதாவது விழிப்பின்மையைக் குறிக்கும். அது 15 வகைப்படும். வீண்கதைகள் 4, கஷாயங்கள் 4, புலன்கள் 5, உறக்கம் 1, பற்று 1 என்பன அவை. "உறக்கமே பொச்சாப்பு என்று எண்ணப்பட்டிருக்க, ஓய்வு கொள்ளுங்கள் என்று சிராவகர்க்கு உரைப்பது தகுமோ?" என்று சிலர் கேட்கக்கூடும்.

அப்பட்டியலை முழுமையாக நோக்குதல் வேண்டும். உறக்கத்தை அடுத்து அங்கே நிற்பது பற்று. பிள்ளைகளின் மேல் வைத்த பற்றினால் இரவும் பகலும் ஓடி உழைக்கும் பெற்றோர், உறங்காமல் இருக்கும் ஒரே காரணத்தால் விழிப்புடையவர் ஆகிவிடுவதில்லை. "என் மகன் முதல் மதிப்பெண் பெறவேண்டும், என் மகள் திருமணம் ஊர் மெச்ச நடக்கவேண்டும்" என்று உள்ளம் கொதித்துக்கொண்டிருக்கும்போது கண் திறந்திருந்தாலும் அது பொச்சாப்பே.

மேலும் துறவியரின் ஒழுக்கத்தைக் காண்போம். திகம்பர முனிவர்க்கு மூலகுணங்கள் 28. ஐந்து மகாவிரதங்கள், ஐந்து சமிதிகள், ஐம்புலன் அடக்கம், ஆறு ஆவசியகங்கள், ஏனைய ஏழு என அவை அமையும். அவ்வேழனுள் தரையில் உறங்குதலும் ஒன்று. உடலைத் தமது என்று கருதாத முனிவர்க்கும், எவ்வாறு உறங்கவேண்டும் என்னும் முறை வகுக்கப்பட்டிருக்கின்றது. உறங்கவே கூடாது என்று விதிக்கப்படவில்லை. நாளுக்கு ஒரு வேளை உணவு அவர்க்கு உண்டு. அவ்வுணவு சுவைக்காக அன்று; உடல் தவத்திற்குத் துணைநிற்பதற்காக. முனிவர்க்கே அளவோடு கூடிய உறக்கமும் உணவும் உரியன என்றால், சுமை மிகுந்த இல்லறத்தார் அவற்றை மறுத்துக்கொள்வதைத் தவம் என்று கொள்ள இயலாது. அளவு கடந்த உறக்கம் சோம்பல். அளவான ஓய்வு அறத்திற்குத் துணை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோமாக.

2. களைப்பும் கஷாயமும்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியார் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பொச்சாப்போடு கூடிய செயலால் உயிர்ப்பிராணனுக்கு நேரும் கேட்டையே இம்சை என்கின்றார். அமிர்தசந்திர ஆசாரியார் தம் புருஷார்த்தசித்தியுபாயத்தில் இதனை மேலும் விளக்கியுள்ளார். கஷாயம் எழுந்தவுடன் ஒருவன் முதலில் தன் ஆன்மாவையே துன்புறுத்திக்கொள்கின்றான். பிற உயிர்க்குத் துன்பம் நேர்வதும் நேராமையும் அதன் பின்னரே என்பது அவர் கருத்து.

இதனை நம் இல்லத்தில் வைத்துப் பார்ப்போம். இரவு மணி ஒன்பது. தாய் விடியற்காலை எழுந்தவர், இன்னும் அமரவில்லை. மகன் கணக்குப் பாடத்தில் அதே தவற்றை மூன்றாம் முறை செய்கின்றான். கடுஞ்சொல் ஒன்று எழுகின்றது; சில வேளைகளில் கையும் எழுகின்றது. காலையில் அதே தவற்றைக் கண்டிருந்தால் அத்தாய் சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பார். தவறு ஒன்றே, தாயும் ஒருவரே, வேறுபட்டது களைப்பு மட்டுமே. கடன் சுமையும் பயண அலுப்புமாக வீடு திரும்பும் தந்தையின் நிலையும் இத்தகையதே.

சினத்திற்குக் காரணம் கருமத்தின் உதயம் என்பதை நாம் அறிவோம். களைப்பு அதற்கு ஒரு நிமித்தம். கருமத்தின் உதயத்தை ஒரு நாளில் மாற்ற நம்மால் இயலாது. நிமித்தத்தைக் குறைத்துக்கொள்ள இயலும். பூச்சி விழாமல் விளக்கை மூடி வைக்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். இவையெல்லாம் நிமித்தத்தை விலக்கும் முயற்சிகளே. தண்ணீர்க்குத் துணி கட்டும் நாம், பிள்ளைகளின் மேல் விழும் சொல்லுக்கு ஒரு வடிகட்டி வைக்கவேண்டாவோ?

சினத்தின் நான்கு நிலைகளைப் பாறையில் இட்ட கோடு, மண்ணில் இட்ட கோடு, மணலில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு என்று உவமித்துக் கூறுவது நம் மரபு. இவற்றின் வாசனை எத்துணைக் காலம் நிற்கும் என்பதனை நேமிசந்திர ஆசாரியார் கோம்மடசாரத்தில் வரையறுத்துள்ளார். மிக நுண்ணிய சஞ்சுவலனக் கஷாயத்தின் வாசனை ஒரு முகூர்த்தத்திற்குள் நீங்கும். அடுத்தது ஒரு பட்சம் நிற்கும். அதற்கு அடுத்தது ஆறு மாதம் நிற்கும். நான்காவது பிறவிகள் தோறும் தொடரும். பெற்றோரின் சினம் பிள்ளையின் நெஞ்சில் எத்தகைய கோடாகின்றது என்பதனை நாம் அடிக்கடி எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு முகூர்த்தத்திற்குள் தணித்துக்கொள்ளும் பழக்கம் இல்லையேல், நீர்க்கோடாக இருக்கவேண்டியது மணற்கோடாகவும் மண்கோடாகவும் வளர்ந்துவிடும்.

3. சாமாயிகம்: சமநிலைக்கு உரிய நேரம்

ஒரு நாள் என்பது 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம், ஒரு முகூர்த்தம். ஆகவே ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 30 முகூர்த்தங்கள் கிடைக்கின்றன. செல்வர்க்கும் வறியவர்க்கும் இதில் கூடுதல் குறைவு இல்லை. 30 முகூர்த்தங்களுள் 29ஐக் குடும்பத்திற்கும் பணிக்கும் உணவுக்கும் உறக்கத்திற்கும் அளித்து, ஒன்றை ஆன்மாவுக்கு ஒதுக்குக என்பதே சாமாயிக விரதத்தின் வேண்டுகோள்.

சமந்தபத்திர ஆசாரியாரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பும் சிராவக ஒழுக்கத்தை நமக்கு உணர்த்துவன. சமந்தபத்திரர் கூறும் சிட்சாவிரதங்கள் நான்கு. தேசாவகாசிகம், சாமாயிகம், புரோஷதோபவாசம், வையாவிருத்தியம் என்பன அவை. சிட்சை என்றால் பயிற்சி. முதல் நாளே முழுமை பெறவேண்டும் என்று இவ்விரதங்கள் எதிர்பார்ப்பதில்லை. நாள்தோறும் பயின்று வருக என்றே கூறுகின்றன. பதினோரு பிரதிமைகளுள் சாமாயிகம் மூன்றாவது படி. அப்படியை எய்தாதவரும் அதனைப் பயிற்சியாகத் தொடங்கலாம்.

"எங்கள் வீட்டில் தனியிடம் இல்லையே" என்பர் சிலர். சாமாயிகத்திற்குத் தக்க இடங்களைக் கூறும் சமந்தபத்திரர், இடையூறற்ற தனியிடம், காடு, சைத்தியாலயம் ஆகியவற்றோடு வீட்டையும் சேர்த்தே கூறியுள்ளார். தெளிந்த உள்ளத்தோடு செய்க என்பதும் அவர் வாக்கின் கருத்து. அந்நேரத்தில் ஆரம்பமும் பரிக்கிரகமும் இல்லாமையால், இல்லறத்தான் ஆடை போர்த்தப்பெற்ற முனிவனை ஒத்தவன் ஆகின்றான் என்றும் அவர் கூறுகின்றார். நாள் முழுவதும் தாயாக, தந்தையாக, ஊழியராக, மருமகளாக இருப்பவர் 48 நிமிடம் அப்பெயர்கள் யாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத் தாம் தாமாக அமர்ந்திருக்கும் பேறு இது.

புதிதாகத் தொடங்குவோர்க்கு ஒரு முறையைக் கூறுகின்றோம். இது எளிமைக்காக நாம் பகுத்துக்கொண்டது.

முதல் 8 நிமிடம்: கிழக்கு அல்லது வடக்கு நோக்கி அமர்ந்து அல்லது நின்று காயோத்சர்க்கம். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை 27 மூச்சுகளில் 9 முறை எண்ணுதல் மரபு. மூச்சு தானே சீர்ப்படும்.

அடுத்த 16 நிமிடம்: அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல். யாரிடம் கடிந்து பேசினோம், எவ்வுயிர்க்கு ஊறு செய்தோம் என்று நினைந்து, அதனின்று மீளுதல். தம்மைத் தாமே வைதுகொள்ளுதல் இதில் சேராது. கண்டுகொண்டு விட்டுவிடுதலே மீளுதல்.

அடுத்த 16 நிமிடம்: பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் ஒன்றைச் சிந்தித்தல். பெற்றோர்க்கு நிலையாமை, தனிமை, வேறாந்தன்மை ஆகிய மூன்றும் மிகுதியும் பயன்படும். பிள்ளைகள் நம் வழியாக வந்தவர்; அவரவர் தத்தம் வினையோடு வந்தவர். இவ்வுண்மை உள்ளத்தில் பதியுமானால், அவர் வாழ்வு முழுவதையும் நாமே சுமந்து நடத்துகின்றோம் என்னும் பாரம் சிறிது குறையும்.

இறுதி 8 நிமிடம்: மீண்டும் பஞ்ச நமஸ்காரம், எல்லா உயிர்களிடத்தும் நட்பு எண்ணி நிறைவு செய்தல்.

4. ஐந்து அதிசாரங்கள்

சாமாயிகத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அஃதாவது வழுக்கள், கூறப்பட்டுள்ளன. மனத்தைத் தவறாகச் செலுத்துதல், சொல்லைத் தவறாகச் செலுத்துதல், உடலைத் தவறாகச் செலுத்துதல், மதிப்பின்மை, மறதி என்பன அவை. இன்றைய பெற்றோர்க்கு இவை எவ்வாறு நேர்கின்றன என்று காண்போம்.

மனத்தின் வழு: கண்ணை மூடிக்கொண்டு நாளைய சிற்றுண்டியையும் பள்ளிக் கட்டணத்தையும் கணக்கிடுதல். எண்ணம் எழுவது இயல்பு. கண்டவுடன் மந்திரத்திற்குத் திரும்புவது பயிற்சி.

சொல்லின் வழு: அமர்ந்த இடத்திலிருந்தே "பாலைப் பார், பொங்கப் போகிறது" என்று குரல் கொடுத்தல். இவ்வழு அமர்ந்திருப்பவர் ஒருவரால் மட்டும் நீங்குவதன்று. பாலைப் பார்த்துக்கொள்ள இல்லத்தில் மற்றொருவர் இருத்தல் வேண்டும்.

உடலின் வழு: கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு, அது ஒலிக்கும் போதெல்லாம் கை நீட்டுதல். அதனை அணைத்து வேறோர் அறையில் வைத்துவிடுதல் நலம்.

மதிப்பின்மை: "இன்று விருந்தினர் வந்தனர், நாளை பார்ப்போம்" என்று முதலில் கைவிடத் தக்கது இதுவே எனக் கொள்ளுதல். ஐந்தனுள் இல்லறத்தாரிடம் மிகுதியும் காணப்படுவது இதுவே.

மறதி: குறித்த நேரம் இன்மையால் மறந்துபோதல். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று சந்திகளும் சாமாயிகத்திற்கு உரியன. அவற்றுள் தமக்கு இயலும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் அதே வேளையில் அமர்ந்தால் மறதி நீங்கும்.

5. அடுப்பு அணையும் வேளை

நம் சமுதாயப் பெற்றோர்க்குப் பிறர்க்கு இல்லாத ஒரு நன்மை உண்டு. அதுவே இரவு உண்ணாமை. கதிரவன் மறைவதற்குள் உணவு முடிந்துவிடுமாயின் அடுக்களை வேலையும் அத்துடன் முடிந்துவிடும். சென்னைப் பகுதியில் கதிரவன் மறையும் நேரம் கார்த்திகையில் மாலை 5.40 அளவிலும், ஆனி இறுதியில் 6.40 அளவிலும் அமைகின்றது. எந்தப் பருவத்திலும் அதன் பின்னர் உறங்கும் வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் அடுப்பு இல்லாத மாலைப்பொழுது கிடைக்கவேண்டும்.

ஆயினும் பல இல்லங்களில் இந்நன்மை சுமையாக மாறியிருக்கின்றது. ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். வந்தவாசிப் பகுதிச் சிற்றூரிலிருந்து நகரத்தில் குடியேறிய குடும்பம். இல்லத்தரசி பள்ளி ஆசிரியை. மாலை 4.45க்கு வீடு வந்து, மாமியார்க்கும் தமக்கும் பொழுது சாய்வதற்குள் சமைக்கின்றார். மகன் பயிற்சி வகுப்பிலிருந்து எட்டு மணிக்கு வருகின்றான். அவனுக்காகத் தோசைக்கல் மீண்டும் ஏறுகின்றது. கணவர் ஒன்பது மணிக்கு வருகின்றார், மீண்டும் அடுப்பு. கலங்களைத் துலக்கி முடிக்கும்போது மணி பத்தைக் கடந்துவிடுகின்றது. தாம் இரவு உண்ணாத அம்மையார், பிறர் உண்பதற்காக இரவெல்லாம் அடுப்பருகில் நிற்கின்றார். விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் மாய்வதைத் தவிர்ப்பதும் இரவு உண்ணாமையின் நோக்கங்களுள் ஒன்று. அவ்வுயிர்களுக்கும் இங்கே காப்பு இல்லை. அம்மையார்க்கும் ஓய்வு இல்லை.

இதற்கு வழி, இரவு உண்ணாமையை ஒருவர் இருவரின் நோன்பாகக் கொள்ளாமல், இல்லம் முழுவதற்கும் உரிய எல்லையாகக் கொள்ளுதலே. "இத்தனை மணிக்கு மேல் இவ்வில்லத்தில் அடுப்பு எரியாது" என்று அனைவரும் கூடி உறுதி செய்துகொள்க. பயிற்சி வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு மாலை உணவைக் கலத்தில் இட்டுக் கொடுத்தனுப்பலாம். வகுப்பு தொடங்குமுன் உண்டுவிடலாம். அலுவலகத்திலிருந்து திரும்பப் பொழுது சாய்ந்துவிடும் என்போர் பழம், பொரி, உலர் சிற்றுண்டி முதலியவற்றை உடன் கொண்டுசென்று அங்கேயே உண்ணலாம். இவ்விரதத்தை இன்னும் ஏற்காதவர் இல்லத்தில் இருப்பின், எடுத்து வைத்ததைத் தாமே எடுத்து உண்டு, கலத்தையும் தாமே துலக்கி வைத்தல் வேண்டும். அவர் ஏற்காத விரதத்தின் சுமை, ஏற்றவர் தோளில் விழுதல் முறையன்று.

6. நோன்பு நாளில் அடுக்களையில் நிற்பது யார்?

மாதந்தோறும் அட்டமி இரண்டு, சதுர்த்தசி இரண்டு என நான்கு பருவ நாட்கள் வருகின்றன. நம் சிராவகியர் பலர் அந்நாட்களில் உண்ணாநோன்பு இருக்கின்றனர். அது போற்றத்தக்கது. ஆனால் அந்நாளிலும் அவரே காலைச் சிற்றுண்டியும் பிள்ளைகளுக்கு மதிய உணவும் சமைத்து, நீர் காய்ச்சி வடித்து, துணி துவைத்து முடிக்கின்றார். வயிறு மட்டும் நோன்பு இருக்கின்றது. கையும் காலும் மனமும் வழக்கம்போல் உழல்கின்றன.

சமந்தபத்திரர் கூறும் உபவாசம் உணவை விடுவதோடு முடிவதன்று. ஐம்பெரும் பாவங்கள், அணிகலன், நறுமணப் பொருள், நீராடல், மை தீட்டல் ஆகியவற்றோடு ஆரம்பத்தையும் அந்நாளில் விடுமாறு அவர் கூறியுள்ளார். ஆரம்பம் என்பது சமைத்தல் முதலிய இல்லற வினைகள். விடுபட்ட அந்நேரத்தைச் சோம்பலின்றி அறவுரை கேட்பதிலும், அறிவிலும், தியானத்திலும் செலவிட வேண்டும் என்பதும் அவர் கருத்து. ஆகவே, நோன்பிருக்கும் அம்மையாரை அடுக்களையில் நிறுத்துவது அவர்தம் நோன்பைக் குறைவுபடுத்துவதாகும். அக்குறைவிற்கு ஏனையோரும் பொறுப்பாவர்.

அந்நாட்களில் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் அடுக்களைப் பொறுப்பை ஏற்றல் கடமை. எளிய உணவு போதும். முன்னைய நாள் மாலையே "நாளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுதல் நன்று; அப்பொழுதுதான் அவர் மனமும் விடுபடும். அகத்தவங்கள் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. முனிவர்க்கும் சங்கத்தார்க்கும் தொண்டு செய்தலையே அது சிறப்பாகக் குறிக்கும். அத்தொண்டின் மனப்பான்மையை ஒருவர் தம் இல்லத்தில் நோன்பிருப்பவரிடம் பழகிக்கொள்ளலாம். அம்மாவின் நோன்பு நாளில் பாத்திரம் துலக்கிய மகன், நாளை ஒரு முனிவர் நம் ஊர்க்கு எழுந்தருளும்போது தயங்காமல் முன்வருவான்.

7. எல்லை வகுத்தல்

தேசாவகாசிகம் என்பது, குறித்த காலத்திற்குத் தன் நடமாட்டத்திற்கு இடத்தால் எல்லை வகுத்துக்கொள்ளும் விரதம். "இன்று மாலை முதல் நாளைக் காலை வரை இத்தெருவிற்கு அப்பால் செல்லேன்" என்பது போல அது அமையும். வார விடுமுறை நாளில் மூன்று மண்டபங்களுக்கும் இரண்டு கடைத்தெருக்களுக்கும் அலையும் பெற்றோர்க்கு இது சிறந்த மருந்து. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் இல்லத்தையும் ஜினாலயத்தையும் எல்லையாகக் கொள்வோமாக. அழைப்பு வந்த நிகழ்ச்சி அனைத்திற்கும் இருவரும் செல்லவேண்டும் என்பதில்லை. ஒருவர் சென்று வர, மற்றவர் ஓய்வு கொள்ளலாம்.

போகோபபோக பரிமாணம் பொருள்களின் அளவை வரையறுக்கும் குணவிரதம். இல்லத்தில் சேரும் ஒவ்வொரு பொருளும் துடைத்தலும் அடுக்குதலும் பழுது பார்த்தலும் வேண்டி நிற்கின்றது; அதற்கு விலையாக நம் நேரம் செல்கின்றது. பிள்ளைகளின் வகுப்புகளுக்கும் இவ்வளவை வேண்டும். பள்ளிக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு பயிற்சிகள் போதும். நான்கு வைத்தால் பிள்ளைக்கும் ஓய்வில்லை. அழைத்துச் சென்று காத்திருக்கும் பெற்றோர்க்கும் ஓய்வில்லை.

அனர்த்த தண்ட விரதம் பயனற்ற தீச்செயல்களை விலக்குவது. அவ்வகைச் செயல்களுள் தீயன கேட்டலும் ஒன்று. பிள்ளைகள் உறங்கியபின் "இப்பொழுதுதான் எனக்கென்று சிறிது நேரம்" என்று தொலைக்காட்சித் தொடர்களிலும் கைப்பேசியிலும் நள்ளிரவு வரை கழிப்பதை ஓய்வு என்று பலர் எண்ணுகின்றனர். பிறர் பகையையும் சூழ்ச்சியையும் கண்டு கேட்டு உறங்கச் செல்லும் உள்ளம் இளைப்பாறுவதில்லை. மறுநாட் காலையின் கண்ணெரிச்சலே அதற்குச் சான்று.

8. உடலுக்கு உரிய உறக்கம்

சாமாயிகம் உறக்கத்திற்கு மாற்றன்று. உறக்கமும் சாமாயிகத்திற்கு மாற்றன்று. வயது வந்தோர்க்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். பொழுது சாயுமுன் உணவு முடிக்கும் இல்லத்தில் இஃது அரிதன்று. மாலைச் சந்தியில் பெற்றோருள் ஒருவர் சாமாயிகம், அதன்பின் பிள்ளைகளின் பாடம், 9.30க்குள் விளக்கணைத்தல், விடியற்காலை 5 மணிக்கு எழுதல். இவ்வாறு அமைத்துக்கொண்டால் ஏழரை மணி நேரம் உறங்கலாம்.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம். நெடுநாள் உறக்கமின்மை, காரணமின்றித் தொடரும் அழுகை, எதிலும் விருப்பமின்மை ஆகியவை தோன்றினால், சிறப்பாக மகப்பேற்றுக்குப்பின் தாய்மார்க்குத் தோன்றினால், அதனை மனவலிமைக் குறைவு என்றோ பக்திக் குறைவு என்றோ பழித்தல் ஆகாது. அது நோய். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே அறம்.

9. ஐயமும் விடையும்

ஐயம்: கைக்குழந்தை உடைய தாய்க்கு 48 நிமிடம் எங்ஙனம் கிடைக்கும்?

விடை: அவர்க்கு முதலில் வேண்டுவது உறக்கம். குழந்தை உறங்கும்போது தாமும் உறங்குக. இயன்றபோது ஒரு நாழிகை அமைதியாக அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் எண்ணினால் போதும். அதனை முழுச் சாமாயிகம் என்று கூறாவிடினும், பயிற்சியின் தொடக்கம் என்று கொள்ளலாம். அந்த 24 நிமிடத்தில் குழந்தையை ஏந்திக்கொள்வது தந்தையின் பங்கு.

ஐயம்: இருவரும் பணிக்குச் செல்லும் இல்லத்தில் இருவரும் ஒரே நேரத்தில் அமர இயலவில்லையே?

விடை: ஒரே நேரம் வேண்டா. ஒருவர் காலைச் சந்தியிலும் மற்றவர் மாலைச் சந்தியிலும் அமரலாம். ஒருவர் அமரும்போது மற்றவர் இல்லத்தைக் காத்தல் என்பது உடன்பாடாக இருக்கட்டும்.

ஐயம்: பிள்ளைகளை விட்டு அமர்வது தன்னலம் போல் தோன்றுகின்றதே?

விடை: தன்னலம் என்பது பிறர்க்கு உரியதைத் தாம் கொள்வது. 30 முகூர்த்தங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைச் சினமின்றி அவர்க்கு அளிப்பது தன்னலம் ஆகாது. அன்றியும், பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் செயலைக் கண்டே கற்கின்றனர். நாள்தோறும் தாயோ தந்தையோ அமைதியாக அமர்ந்திருப்பதைக் கண்டு வளரும் பிள்ளைக்குச் சாமாயிகத்தின் பொருளைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

10. தொடங்கும் முறை

ஆஷாடம், கார்த்திகம், பால்குனம் ஆகிய மூன்று மாதங்களில் எட்டு நாட்கள் வீதம் நந்தீஸ்வர பர்வம் வருகின்றது. வரும் நந்தீஸ்வரத்தின் எட்டு நாட்களிலும் இதனைச் செய்து பார்ப்போமாக. எட்டு நாட்கள் நிறைந்தபின் குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து, கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை காணலாம்.

(அ) நம் இல்லத்தில் அடுப்பு ஒரு நாளில் எத்தனை முறை ஏறுகின்றது? அதனை எத்தனையாகக் குறைக்கலாம்?

(ஆ) நம் இல்லத்தில் கடைசியாக உறங்கச் செல்பவர் யார்? முதலில் எழுபவர் யார்? இரண்டும் ஒருவரே ஆயின் அவர்தம் வேலைகளுள் எவற்றை யார் ஏற்பது?

(இ) சென்ற அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோன்பிருந்தவர் யார்? அன்று சமைத்தவர் யார்?

(ஈ) சாமாயிகத்தின் ஐந்து அதிசாரங்களுள் நம்மிடம் மிகுதியாக உள்ளது எது?

(உ) இந்த எட்டு நாட்களில் கடுஞ்சொல் குறைந்ததா? இதற்குப் பிள்ளைகளையே விடை கூறச் செய்க.

ஐந்தாம் வினாவிற்குப் பிள்ளைகள் கூறும் விடை எதுவாயினும் பெற்றோர் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். குறைந்தது என்பாராயின் பயிற்சியைத் தொடர்க. குறையவில்லை என்பாராயின் நேரத்தையோ இடத்தையோ மாற்றி மீண்டும் தொடங்குக. சிட்சாவிரதம் பயிற்சியே ஆதலின், மீண்டும் தொடங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

அறம் வளர்க, இல்லந்தோறும் அமைதி நிலவுக.